அகலக் கால்

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது, அணுவைப் பற்றி எழுதலாமா, விண்வெளியைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். எங்கள் தமிழ்ப் பேராசிரியர், "உனக்குத் தெரிந்ததை எழுது" என்றார். எனக்குத் தெரிந்தது டயர். திருநள்ளாறு செல்லும் சாலையோரத்தில் என் தந்தையார் இருபத்திரண்டு ஆண்டுகளாக டயர்க் கடை வைத்திருக்கிறார். ஒரு கம்ப்ரசர், இரண்டு ஜாக்கி, ஒரு தண்ணீர்த் தொட்டி, மேலே தகரக் கூரை. சனிக்கிழமைகளில் சனீஸ்வரனைத் தரிசிக்க வரும் வெளியூர் வண்டிகளே எங்களுக்குப் படியளப்பவை.

அப்பா படித்தது ஆறாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்ந்த அன்று விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதினேன். அது பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல. இதை எழுத அதுவும் ஒரு காரணம்.

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில், உறவினர் ஒருவராவது பிரான்சில் இல்லாத தெரு அபூர்வம். எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போன அண்ணன் ஒருவர் சென்ற ஆண்டு புரட்டாசியில் நீண்ட விடுப்பில் வந்தார். வந்தவர் சென்னையில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கூப்பே வாங்கிக்கொண்டு வந்து நின்றார். இரண்டே கதவுகள், தாழ்ந்த கூரை, குழந்தைகள் மட்டுமே உட்காரக்கூடிய பின் இருக்கை. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

"மாமா, இதுல இருக்கிறது பதினெட்டு இஞ்ச் சக்கரம். இருபது இஞ்ச் போட்டாத்தான் எடுப்பா இருக்கும். நாலு ரிம்மும் நாலு டயரும் நீங்களே வரவழைச்சுக் கொடுங்க" என்றார். அந்த வியாபாரத்தில் கிடைக்கும் தொகை எனக்கு ஒரு பருவக் கட்டணமும் தங்கைக்கு ஓர் ஆண்டுப் புத்தகச் செலவும் ஆகும். அப்பா ஒரு நாள் அவகாசம் கேட்டார். எனக்கோ ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. நோட்டை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

டயரின் பக்கத்தில் இருக்கும் எண்களை நாம் எல்லோரும் பார்த்திருப்போம், படித்தவர்கள் குறைவு. அந்த வண்டியின் டயரில் 245/40 ஆர் 18 என்று இருந்தது. 245 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 40 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு நாற்பது, அதாவது 98 மில்லிமீட்டர். 'ஆர்' என்றால் ரேடியல். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆக முழு விட்டம், 457.2 உடன் இரு மடங்கு 98 சேர்த்து, 653.2 மில்லிமீட்டர்.

அண்ணன் கேட்டது 245/30 ஆர் 20. ரிம் 508, பக்கச் சுவர் 73.5. முழு விட்டம் 655. வேறுபாடு வெறும் 1.8 மில்லிமீட்டர்! சக்கரத்தின் சுற்றளவு மாறினால் வேகமானி தவறாகக் காட்டும் என்பார்கள். இங்கே அந்தப் பிழை 0.3 சதவீதத்துக்கும் குறைவு. ஐந்து போல்ட்டுகள் அமையும் வட்டம் 112 மில்லிமீட்டர். புது ரிம்மிலும் அதுவே. எல்லாம் பொருந்திவிட்டது. 'கணக்குப்படி சரி' என்று கீழே எழுதி, அப்பாவிடம் காட்டுவதற்கு முன்பே அண்ணனிடம் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டேன். "பார்றா, நம்ம தெரு விஞ்ஞானி!" என்று அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து, தூணில் கம்பெனிக்காரன் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். குனிந்து பழைய டயரைத் தடவினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பெரிய நம்பருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு நம்பர் இருக்கே, பார்த்தியா தம்பி?"

93 என்று இருந்தது. நான் பார்க்கவில்லை.

"தொண்ணூத்தி மூணுன்னா ஒரு டயர் அறுநூத்தம்பது கிலோ தாங்கும். இவர் கேக்குறது தொண்ணூறு. அறுநூறு கிலோதான். நாலு காலுக்கும் சேர்த்து இருநூறு கிலோ போச்சு. அந்த அறுநூறும் நாப்பத்திரண்டு பவுண்டு காத்து வச்சாத்தான். நம்ம ரோட்டுல அகலக் கால் வைக்கக் கூடாது."

பிறகு அண்ணனிடம், சீட்டிலேயே கம்பெனிக்காரன் மாற்றாகக் கொடுத்திருந்த அளவைச் சொன்னார்: 225/50 ஆர் 17. விட்டம் 656.8. பக்கச் சுவர் 112.5 மில்லிமீட்டர். சுமை எண் 94, அதாவது 670 கிலோ. சட்டமும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் கொண்டு, தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அண்ணன் சிரித்தார். "மேல போகலாம்னு வந்தா கீழ இறங்கச் சொல்றீங்களே மாமா! தம்பியே கணக்குப் போட்டுச் சரின்னு எழுதிக் கொடுத்துட்டானே" என்று தாளைக் காட்டினார்.

அப்பா என்னைப் பார்த்தார். அப்போது நான் வாய் திறந்திருக்க வேண்டும். "அண்ணே, சுமையை நான் பார்க்கவில்லை" என்று நான்கு சொல் போதும். சொல்லவில்லை. அப்பாவுக்கு முன்னால் கிடைத்த புகழ் எனக்கு இனித்தது. வருகிற பணத்தை அப்பா கைநழுவ விடுகிறாரே என்ற கோபமும் இருந்தது. அண்ணன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய், வேறோர் ஊரில் சக்கரங்களை மாற்றிக்கொண்டார்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு நாள் இரவு வேளாங்கண்ணி போய்விட்டுத் தாயாருடன் திரும்பும்போது, தண்ணீர் நின்ற பள்ளத்தில் வண்டியின் இடப் பக்கச் சக்கரங்கள் இரண்டும் இறங்கின. முன் டயரின் பக்கச் சுவர் கிழிந்தது. பின் ரிம் விரிசல் விட்டது. வண்டி சாலையை விட்டு விலகி வயல் வரப்பில் முட்டி நின்றது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் எனக்குச் சிறு வயதில் சோறு ஊட்டிய அந்த அத்தைக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பிறகு பார்த்தபோது, மற்ற டயர்களில் பழைய கணக்கிலேயே 33 பவுண்டு காற்றுதான் இருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வகுப்பில் கணத்தாக்கு பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. ஒரு பொருளின் உந்தம் எவ்வளவு குறுகிய நேரத்தில் மாறுகிறதோ அவ்வளவு விசை அதன்மேல் விழும். கிணற்றடியில் குடத்தைக் கல்லின்மேல் வைப்பதற்கும் சும்மாட்டின்மேல் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. டயரின் பக்கச் சுவர்தான் சக்கரத்துக்குச் சும்மாடு. வண்டியின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. 98 மில்லிமீட்டர் சுவரை 73.5 ஆக்கியபோது சும்மாட்டில் கால் பங்கை வெட்டிவிட்டோம். எனக்குத் தெரியாத பாடமல்ல இது. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பாடம்.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2005 சூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஃபார்முலா ஒன் பந்தயம். அங்கே பதின்மூன்றாம் வளைவு சாய்தளமாக அமைந்தது. அதில் முழு வேகத்தில் திரும்பும்போது டயர்மீது விழும் சுமையை மிச்செலின் டயர்கள் தாங்கவில்லை என்பது பயிற்சியிலேயே தெரிந்துவிட்டது. 1946-இல் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்ற நிறுவனம் அது! அந்த டயர் பூட்டிய 14 கார்களும் முன்னோட்டச் சுற்று முடிந்ததும் பந்தயத்திலிருந்து விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்கள் மட்டும் ஓடின. அவற்றில் ஒன்றை ஓட்டிய கோவை நாராயண் கார்த்திகேயன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவர். ஓரிடத்தில் வென்ற டயர் இன்னோர் இடத்தில் ஓடவே முடியாமல் போயிற்று.

வள்ளுவர் தேர்ச் சக்கரத்தைக் 'கால்' என்றே குறிப்பிடுகிறார். அந்தக் குறள் இருப்பது இடனறிதல் அதிகாரத்தில். தேருக்கும் நாவாய்க்கும் அவரவர் இடம் உண்டு என்பது அதன் கருத்து. பாரிஸ் நகரத்துச் சாலைக்குப் பொருந்திய கால், நிலக்கரி லாரிகள் ஓடி, மழையில் ஊறி, களிமண்மேல் கிடக்கும் நம் டெல்டாச் சாலைக்குப் பொருந்தும் என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "கணக்கு தப்பில்ல தம்பி. பாதியில எழுந்துட்ட" என்றார். அவ்வளவுதான். அத்தையிடமும் போய்ச் சொன்னேன். கட்டுப் போட்ட கையோடு, "நீ படிக்கிற புள்ள, போய்ப் படி" என்றார். அது எனக்குத் திட்டைவிட அதிகமாக உறைத்தது.

அண்ணன் ஊருக்குத் திரும்புமுன் வண்டியை எங்கள் கடைக்கே கொண்டுவந்தார். பதினேழு அங்குல ரிம்களை அப்பாவும் நானும் சேர்ந்து பூட்டினோம். போல்ட்டுகளை வரிசையாக முடுக்காமல் நட்சத்திரம்போல் எதிரெதிராக முடுக்க வேண்டும் என்பதை அன்றுதான் நான் கையால் கற்றேன்.

இப்போது எங்கள் கடைச் சுவரில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது: 75-க்கு 387 கிலோ, 80-க்கு 450, 85-க்கு 515, 90-க்கு 600, 95-க்கு 690. யார் என்ன அளவு கேட்டு வந்தாலும் முதலில் அந்தப் பலகையைத்தான் பார்க்கிறோம். விட்டம் பிறகு.

இந்த ஆண்டு உதவித்தொகை விண்ணப்பம் கொடுத்தார்கள். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'டயர்க் கடை' என்று எழுதிக் கையெழுத்துக்காக அப்பாவிடம் நீட்டினேன். கைக் கருமையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.