பாரீஸ் மாப்பிள்ளை... எந்த விசாவில் போவது?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே, முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக உயிர்விட்டவர்களின் நினைவுச் சின்னம் இருக்கிறது. சற்றுத் தள்ளி மரீன் வீதியில் பிரெஞ்சுத் துணைத் தூதரகம். மாலையில் காற்று வாங்க வருகிறவர்கள் இரண்டையும் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் இந்த ஊரில் பல குடும்பங்களுக்கு அந்தத் தூதரகம் சுற்றுலா இடம் இல்லை. பிள்ளைகளின் பிறப்பு, கல்யாணம், தாத்தாவின் பென்ஷன் என்று எல்லாக் காகிதமும் அங்கேதான் போகும்.

1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்களுக்கு அப்போது ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்பவர்கள் அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர்களில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களும் உண்டு. ஊர் அவர்களை ‘சொல்தா’ என்று கூப்பிட்டது. அந்தக் குடும்பங்களின் பேரன்கள்தான் இன்றைய பாரீஸ் மாப்பிள்ளைகளில் பலர். பாரீஸ் என்று பேச்சுக்குச் சொன்னாலும், வீடு வடக்கே சார்செல் போன்ற புறநகரில் இருக்கும்.

ஜாதகம் பொருந்தி, மண்டபமும் பார்த்த பிறகு வருகிற பேச்சு விசா. “முதல்ல டூரிஸ்ட் விசாவுல கூட்டிட்டுப் போயிடலாம், மிச்சத்தை அங்க போய்ப் பார்த்துக்கலாம்” என்று யாராவது ஒரு மாமா சொல்வார். சொல்வது அன்பினால்தான். ஆனால் இங்கே முடிந்த கல்யாணத்துக்கு அது சரியான வழி இல்லை.

குறுகிய கால விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம். வேலைக்குப் போகக் கூடாது. அங்கிருந்தபடியே மனைவி என்ற அனுமதிக்கு மாறும் வாய்ப்பு சட்டத்தில் உண்டு. ஆனால் அது பிரான்ஸிலேயே கல்யாணம் பதிவாகி, அங்கே ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு. முத்தியால்பேட்டையில் தாலி கட்டியவருக்குப் பொருந்தாது. அவர் திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

‘விசிட்டர்’ என்றொரு நீண்ட கால விசாவும் இருக்கிறது. தங்கலாம், சம்பாதிக்க முடியாது. பி.எஸ்சி நர்ஸிங் படித்த பெண்ணுக்கு இதை வாங்கித் தருவதில் என்ன அர்த்தம்?

கேட்க வேண்டியது, பிரெஞ்சுக் குடிமகனின் மனைவிக்கான நீண்ட கால விசா. இதற்கு விசா கட்டணம் கிடையாது. விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. இந்த விசாவே குடியிருப்பு அனுமதியாகவும் செல்லும், வேலைக்கும் போகலாம். இவ்வளவு நல்லதை விட்டுவிட்டு ஏன் மற்றதைத் தேடுகிறார்கள் என்றால், காத்திருக்கப் பொறுமை இல்லை. தாமதம் விசாவில் மட்டுமில்லை, அதற்கு முந்தைய காகிதங்களிலும் இருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்பே, இந்தத் திருமணத்துக்குத் தடை இல்லை என்ற சான்றிதழைத் தூதரகத்தில் வாங்க வேண்டும். அதற்காக அறிவிப்பை 10 நாள் ஒட்டி வைப்பார்கள். பிறகு இங்கே கல்யாணம் பதிவாக வேண்டும். கோயிலில் நடந்தது, ஆல்பம் இருக்கிறது என்பதெல்லாம் போதாது. அந்தப் பதிவைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றி, குடும்பப் புத்தகம் தருவார்கள். அதன் பிறகுதான் விசா.

இதில் நம் பெயர்கள் படுத்தும் பாடு தனிக்கதை. பிரெஞ்சுப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். நம்மிடம் இருப்பதோ இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து கூடுதல். நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கிற வாரத்திலேயே மூன்று சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. கல்யாணத்துக்குப் பிறகு திருத்த அலைந்தால், மாப்பிள்ளை அங்கே, பெண் இங்கே என்று மாதங்கள் ஓடிவிடும்.

அந்த மாதங்களையும் வீணாக்க வேண்டாம். சுஃப்ரேன் வீதியில் 1889-லிருந்து இருக்கிற அலியான்ஸ் ஃபிரான்சேஸில் வகுப்பில் சேரலாம். போன பிறகு மொழித் தேர்வும் குடிமைப் பயிற்சி வகுப்பும் உண்டு. 2026 ஜனவரி முதல், பல ஆண்டு செல்லும் குடியிருப்பு அட்டையை முதல் முறை கேட்கும்போது ஏ2 அளவு பிரெஞ்சு காட்ட வேண்டும். வீட்டில் மாமியாரோடு தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தால் இது வராது.

பெண்ணைப் பெற்றவர்கள் கேட்கத் தயங்குகிற விஷயம் ஒன்று இருக்கிறது. ஒத்துப்போகவில்லை என்றால்? ஆரம்ப வருடங்களில் கணவன் மனைவி சேர்ந்து வாழ்வது நின்றால், அட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பிரிவுக்குக் காரணம் கணவனின் கொடுமை என்றாலோ, கணவன் இறந்துபோனாலோ, அதைச் சொல்லி அட்டையைப் பறிக்க முடியாது. டூரிஸ்ட் விசாவில் போனவருக்குப் பறிக்கவோ காக்கவோ அட்டையே இல்லை. மாமாவின் யோசனைக்குத் தலையாட்டும் முன் இதை யோசிக்க வேண்டும்.

போய் இறங்கியதும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் விசாவைப் பதிவுசெய்து கட்டணம் கட்டியாக வேண்டும். அந்தக் கணக்கை மணப்பெண் தன் சொந்த மின்னஞ்சலில் திறக்கட்டும். பெட்டியில் அப்பளமும் கறிவேப்பிலையும் குறைந்தால் பாரீஸின் லா ஷப்பேல் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். அசல் பிறப்புச் சான்றிதழை மட்டும் கைப்பையில் வைத்து, ஜெராக்ஸ் ஒன்றை அம்மாவின் பீரோவில் விட்டுவிட்டுக் கிளம்பட்டும்.