மஞ்சள் விளக்கே, மன்னித்துவிடு!

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் பக்தர்களுக்கு ராமானுஜர் ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு 1991-ம் வருஷத்து மே மாதமும் ராஜீவ் காந்தியும் ஞாபகம் வரும். எனக்கு டிராஃபிக்தான் வரும். வீடு அங்கே, ஆபீஸ் ஒரகடத்தில்.

நடுவில் உள்ள ரோடு இருக்கிறதே, அது கார்களுக்குப் பிரசவ வார்டு! ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் வந்தது. 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. இந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லேயே சான்ட்ரோவை இறக்கிவிட்டது. டிரெய்லர்களில் ஏறிப் புத்தம் புதுக் கார்கள் மாப்பிள்ளை மிடுக்கோடு எதிரே வரும். அவற்றுக்கு நடுவே என் பதின்மூன்று வயசுக் கார், கல்யாண வீட்டில் அழைக்காமல் நுழைந்த தூரத்து உறவுக்காரர் மாதிரி ஓரமாகப் போகும்.

போன சித்திரையில் அதன் டாஷ்போர்டில் மஞ்சளாய் ஒரு விளக்கு எரிந்தது. ஏ.பி.எஸ்.!

சர்வீஸ் சென்டரில் காட்டினேன். "யூனிட்டையே மாத்தணும் சார்" என்று ஒரு தொகை சொன்னார்கள். வண்டிக்கு முன்னால் என் மூச்சு பிரேக் போட்டு நின்றது.

ஆபீஸில் அக்கவுண்ட்ஸ்காரர் யோசனை சொன்னார்: "கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிடுங்க சார், சரியாப் போயிடும்."

ஒட்டினேன். சரியாகத்தான் போயிற்று... ஐப்பசி வரைக்கும்.

அன்று ராத்திரி நல்ல மழை. வல்லம் தாண்டி வருகிறேன். ஷிஃப்ட் விடுகிற நேரம். நின்றிருந்த கம்பெனி பஸ்ஸுக்கு முன்னாலிருந்து, கழுத்தில் அடையாள அட்டை, தலைக்கு மேல் துப்பட்டா, ஒரு பெண் குறுக்கே ஓடி வந்தாள். பிரேக்கை ஓங்கி மிதித்தேன். சக்கரம் நின்றது, கார் நிற்கவில்லை! ஸ்டியரிங்கை ஒடித்தேன். அது பாட்டுக்குத் திரும்பியது, கார் அது பாட்டுக்கு நேராக வழுக்கியது. அந்தப் பெண்ணுக்கும் பம்பருக்கும் ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

"பிரேக் இல்லையாண்ணா?" என்றாள். பயத்தைவிட அலுப்புதான் அதிகம் தெரிந்தது. என் தங்கை வயசு. நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கியர் போட எனக்குக் கை வரவில்லை.

பிரேக் இருந்தது. பூட்டிக்கொண்ட சக்கரம் திரும்பாது, அதுதான் விஷயம். ஏ.பி.எஸ். இதற்காகவே வந்தது. நாலு சக்கரத்திலும் வேகம் பார்க்க ஒரு சென்சார். எந்தச் சக்கரமாவது பூட்டிக்கொள்ளப் போனால், செகண்டுக்குப் பல தடவை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். காலடியில் பெடல் டகடகவென்று உதறும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள்! அழுத்தியபடியே திருப்புங்கள், வண்டி திரும்பும். ஆனால் மணலிலும் ஜல்லியிலும் சட்டென்று நிற்கும் என்று நம்பாதீர்கள். அங்கே கூடுதல் தூரம்கூட ஓடலாம்.

1978-ல் பாஷ் கம்பெனி செய்து, மெர்சிடிஸ் பென்ஸில் வைத்தார்கள். நம் நாட்டில் புதுக் கார்களுக்கெல்லாம் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஒரகடத்தில் கார்களைச் சுவரில் மோதவிட்டுப் பார்க்கும் அரசாங்கப் பரிசோதனை மையமே இருக்கிறது. அங்கே உள்ளே உட்காருவது பொம்மை. இங்கே ரோட்டில் நிற்பது பொம்மை இல்லையே.

மறுநாள் சிங்கப்பெருமாள்கோவில் ரோட்டில் ஒரு ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் கையடக்கமான ஒரு கருவியைச் செருகிப் பார்த்தார். காருக்கு அடியில் படுத்தார். ஒரு வயரோடு எழுந்தார்.

"பின்னாடி இடது சக்கரத்து சென்சார் வயர் சார். எலி கடிச்சிருக்கு. ஒண்ணு போனா மொத்த ஏ.பி.எஸ்ஸும் படுத்துடும்."

யூனிட் நன்றாகத்தான் இருந்தது! செலவு, குடும்பத்தோடு ஒருவேளை ஓட்டலில் சாப்பிடுகிற காசு.

கூடவே இலவசப் பாடமும் நடந்தது: "சாவி போட்டதும் இந்த விளக்கு எரிஞ்சு அணையணும். எரியவே இல்லேன்னா, பழைய வண்டி விக்கிறவன் பல்பைப் பிடுங்கியிருப்பான், ஜாக்கிரதை. மஞ்சள் மட்டும் எரிஞ்சா சாதா பிரேக் இருக்கும். மெதுவா ஓட்டிட்டு வந்து சீக்கிரம் காட்டணும். சிவப்பும் சேர்ந்து எரிஞ்சா, ஓரமா நிறுத்திடணும், ஓட்டவே கூடாது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயில் மாத்துங்க, அது ஈரத்தை இழுக்கும்."

தலையாட்டிக்கொண்டிருந்தேன். சாவியைப் போட்டுப் பார்த்தவர், டாஷ்போர்டைத் தடவி டேப்பை உரித்தார். அடியில் விளக்கு எரிந்து, அழகாக அணைந்தது.

"இதை யார் சார் ஒட்டினது?"

"அதுவும் எலிதான்" என்றேன்.