தேய்ந்த இடம்

முதியவர் ஒருவரிடம் பழைய மின்கிதார் ஒன்றை வாங்கினோம். விரல் நடுக்கத்தால் அவர் வாசிப்பதை விட்டிருந்தார். கம்பிகள் துருவேறியிருந்தன, ஒலி எழவில்லை.

எஃகுக் கம்பியின் அதிர்வைக் காந்தமும் அதனைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் மின்னலைகளாக மாற்றுகின்றன. 1930களில் தோன்றிய இவ்வமைப்பு எளியது, பழுதும் எளியதே. அறுந்திருந்த இணைப்பைப் பற்றவைத்துப் புதுக் கம்பிகள் பூட்டினோம்.

கழுத்தின் பின்புறம் மெருகு தேய்ந்து மரம் தெரிந்தது. புதிதாய் மெருகேற்ற உப்புத்தாளை எடுத்தோம். நம் கட்டைவிரலோ அக்குழிவில் தானாகப் பொருந்தியது. அவர் ஆண்டுக்கணக்கில் தாங்கிப் பிடித்த இடமல்லவா அது! தாளைக் கீழே வைத்தோம்.

அவரிடமே கொண்டுசென்று வாசித்துக் காட்டினோம். அவர் கை அத்தேய்வைத் தேடித் தடவியது. "இதை அப்படியே விட்டுவிட்டீர்களே!" என்றார், குரல் தழுதழுத்தது.

பழுது வேறு, உழைப்பின் தழும்பு வேறு. அன்று உணர்ந்தோம்.