சுவரில் தொங்க இருந்தேன்

பி.ஃபார்ம் கடைசி வருஷம் படிக்கும்போதே எனக்கு வேலை தயார். சாதாரண வேலை இல்லை சார், வேலைக்கே போக வேண்டாத வேலை!

மெடிக்கல் ஷாப் முதலாளி ஒருவர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் சொன்னார்: "தம்பி பாஸ் பண்ணி ஃபார்மசி கவுன்சில்ல பதிவு பண்ணட்டும். சர்டிஃபிகேட்டை மட்டும் நம்ம கடையில மாட்டிடுவோம். தம்பி வரவே வேணாம். மாசம் ஒண்ணாந்தேதி பணம் வந்துடும்."

அந்தப் பணம் எங்கள் வீட்டு வாடகையில் பாதி. அப்பா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "யோசிச்சு சொல்றோம்" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் அதற்கு 'சரி' என்று அர்த்தம்.

அந்த நவம்பரில்தான் காலேஜில் என்னை இரண்டு வாரப் பயிற்சிக்கு ஒரு மருந்தாளுநர் சங்கத்துக்கு அனுப்பினார்கள். நண்பர்களுக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி, மருந்துக் கம்பெனி. எனக்கு மட்டும் சங்கம். கொடி பிடித்து 'வாழ்க, ஒழிக' போடச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டே போனேன். நல்லவேளை, நாற்காலி தூக்கத்தான் சொன்னார்கள்.

நவம்பர் மூன்றாவது வாரம் தேசிய ஃபார்மசி வாரம். 1939-ல் ஆரம்பித்த இந்தியன் ஃபார்மசூட்டிகல் அசோசியேஷன் வருஷா வருஷம் கொண்டாடுவது. அதையொட்டி லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் எங்கள் முகாம். அமிர்தாஞ்சனை 1893-ல் பம்பாயில் ஆரம்பித்து, பிறகு சென்னைக்குக் கொண்டுவந்தாரே, அவர் பெயரிலுள்ள பூங்கா. மருந்து பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

'வீட்டிலுள்ள மாத்திரைகள் அத்தனையையும் எடுத்து வாருங்கள்' என்று போர்டு வைத்தோம். ஒரு மாமி மஞ்சள் பையோடு வந்தார். மேஜையில் கவிழ்த்தார். தீபாவளி பட்டாசுக் கடை மாதிரி ஆகிவிட்டது.

"அம்பி, இதெல்லாம் நான் சாப்பிடறது. எது எதுக்குன்னு மட்டும் கேக்காதே. தி.நகர்ல பிள்ளை, அடையாறுல பொண்ணு. ரெண்டு பேர் ஆத்துலயும் மாறி மாறி இருப்பேன். அங்க ஒரு டாக்டர், இங்க ஒரு டாக்டர்."

ஒவ்வொன்றாகப் படித்தேன். இரண்டு அட்டைகள். இரண்டு கம்பெனி, இரண்டு பிராண்ட் பெயர், இரண்டு நிறம். உள்ளே இருந்த மருந்து ஒன்றேதான்: அம்லோடிபின், 5 மில்லிகிராம், பிரஷருக்கு. மாமி தினமும் இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார்.

"கால் வீங்கறதா மாமி?"

"உனக்கெப்படித் தெரியும்? அதுக்குத்தான் இந்த நீர் மாத்திரை. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கு. போன வாரம் பாத்ரூம்ல விழத் தெரிஞ்சேன்."

அம்லோடிபின் அளவு கூடினால் சிலருக்குக் கால் வீங்கும். அந்த வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரை. அந்த மாத்திரையால் ராத்திரி நடை. வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு!

"ஒண்ணை நிறுத்திடுங்க மாமி" என்று ஆரம்பித்த என் காலை சீனியர் சார் மேஜைக்கடியில் மிதித்தார். நிறுத்துவது டாக்டர் வேலை, கண்டுபிடித்துச் சொல்வது நம் வேலை என்றார். இரண்டு டாக்டர்களுக்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுதினோம்.

நாற்காலிகளை மடிக்கும்போது சார் சொன்னார்: 1930-ல் சோப்ரா கமிட்டி போட்டு விசாரித்தார்கள், 1948-ல் ஃபார்மசி சட்டம் வந்தது, பதிவு பெற்றவர்தான் மருந்து கொடுக்கலாம் என்று எழுதினார்கள், 2015 விதிமுறைகளில் நோயாளியிடம் பேசி விளக்குவதையும் சேர்த்தார்கள். "எல்லாம் இருக்கு. கடையில ஆள்தான் இல்லை" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பயிற்சியின் கடைசி நாள் மாமி மறுபடி வந்தார், கையில் முறுக்கு டப்பாவோடு. டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு ஒரு அம்லோடிபினை நிறுத்தியிருந்தார், நீர் மாத்திரையையும். வீக்கம் வடிந்து பழைய செருப்பு காலில் ஏறியிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன் அம்பி. இந்த ரெண்டையும் ஒரே கடையில எத்தனை மாசம் வாங்கியிருக்கேன்! ஒருத்தரும் கேக்கலையே? அங்க சுவத்துல கண்ணாடி போட்டு ஒரு சர்டிஃபிகேட் மாட்டியிருக்கும். அந்தப் பேருக்குரிய பிள்ளையை ஒருநாளும் பார்த்ததில்லை. யார் அவன்?"

வாயிலிருந்த முறுக்கு தொண்டையில் சிக்கியது. 'நான்தான் மாமி. இன்னும் பாஸ் ஆகலை, அவ்வளவுதான் வித்தியாசம்' என்று எப்படிச் சொல்வது?

அன்று ராத்திரி அப்பாவிடம் மாமி கதையைச் சொன்னேன். அப்பா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "பாட்டி மாத்திரையெல்லாம் எங்க இருக்கு? எடுத்துட்டு வா, பாரு" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு 'வேண்டாம்னு சொல்லிடலாம்' என்று அர்த்தம்.

இப்போது ஒரு கடையில் நின்றபடி வேலை. சாயங்காலமானால் முழங்கால் வலிக்கிறது. "சீக்கிரம் குடுப்பா, பஸ் வந்துடும்" என்று ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் விரட்டுகிறார்கள். இருந்தாலும் ஒரு கேள்வி கேட்காமல் அட்டையைக் கொடுப்பதில்லை.

நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள் சார். கடைச் சுவரில் சர்டிஃபிகேட் தொங்கினால், "இவர் எங்கே?" என்று கேளுங்கள்.

எங்கள் கடையில் கேட்டால் நான் கை தூக்குவேன்.