துட்டு

காரைக்காலில் நமது வகுப்பிலே கடற்கரைக் குப்பத்துப் பையன் ஒருவன் வியாசம் எழுதியிருந்தான். "அம்மா மீன் விற்ற துட்டில் எனக்குப் புத்தகம் வாங்கித் தந்தாள்" என்று அதில் ஒரு வாக்கியம். நாம் சிவப்பு மையினால் 'துட்டு' என்பதை அடித்து, 'பணம்' என்று மேலே எழுதினோம். "கொச்சை மொழி கூடாது" என்று ஓரத்தில் உபதேசமும் செய்தோம். பையன் மெதுவாக, "எங்கள் வீட்டில் பணம் கிடையாது, ஐயா, துட்டுத்தான் உண்டு" என்றான். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு அகராதியைப் புரட்டினோம். ஒல்லாந்து தேசத்தில் 'டாய்ட்' என்றொரு செப்பு நாணயம் வழங்கிற்று. 160 டாய்ட் சேர்ந்தால் ஒரு கில்டர். ஒல்லாந்தர் 1658-ல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றி, 1781 வரையில் அங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். அந்த நாணயத்தின் பெயரே நம்மவர் நாவில் 'துட்டு' ஆயிற்று என்பது அகராதிக்காரர் கொள்கை. 1739-ல் காரைக்காலில் கால் வைத்த பிரஞ்சுக்காரரும் தங்கள் புதுச்சேரிச் செப்புக் காசை 'தூதூ' என்றார்கள்.

பிற தேசங்களில் இதன் கதி விசித்திரமானது. ஆங்கிலத்தில் 'டாயிட்' என்றால் அற்பப் பொருள். ஜெர்மானியர் "ஒரு டாய்ட்டும் இல்லை" என்றால் இம்மியும் இல்லை என்று அர்த்தம். மலாய்க்காரருக்கோ 'டூயிட்' என்றால் பணம் முழுவதுமே! இது கொள்வினை மட்டும் அன்று, கொடுப்பினையும் உண்டு. நமது 'காசு' போர்ச்சுகீசியர் வாயில் 'காய்ஷா' ஆகி, ஆங்கிலேயர் வாயில் 'காஷ்' என்ற நாணயப் பெயராயிற்று.

ஓரிடத்தில் 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் சொல், மற்றோரிடத்தில் எல்லாச் செல்வத்திற்கும் பெயரானது எப்படி? பவுனும் வராகனும் எட்டாத கைகளுக்குச் செம்பு ஒன்றுதான் எட்டியது. ஆகவே செம்பின் பெயரே அவர்களுக்குச் செல்வத்தின் பெயராயிற்று என்று நமக்குத் தோன்றுகிறது. ஒல்லாந்தர் போனார்கள். 1954-ல் பிரஞ்சுக்காரரும் அதிகாரத்தை ஒப்படைத்துப் போனார்கள். துட்டு மட்டும் போகவில்லை. நம் தாய்மார் அதைத் தமிழாக்கி முந்தானையில் முடிந்துகொண்டுவிட்டார்கள். அன்னியச் சொல் என்று தள்ளவும், கொச்சை என்று இகழவும் நாம் யார்?

மறுநாள் பையனுடைய நோட்டைக் கேட்டு வாங்கினோம். நாம் எழுதிய 'பணம்' என்பதைச் சிவப்பு மையினாலேயே அடித்தோம்.