பனூ ஜதீமாவும் காத்தான்குடியும்

ஆவடி, அம்பத்தூர்ச் சுற்றுவட்டாரத்தில் வாழ்வோர்க்குப் போர் என்பது நாளேட்டில் மட்டும் காணும் பொருளன்று. 1960களில் விஜயந்தா டாங்கிகளைச் செய்யத் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையில் நம்மிடம் ஓதும் பிள்ளைகள் சிலரின் பாட்டனார் உழைத்து ஓய்வு பெற்றிருக்கின்றனர். அர்ஜுன் டாங்கி உருப்பெற்றதும் அங்கேதான். இத்தகைய ஊரில் அமர்ந்து ‘ஹிதாயா’வின் ஸியர் பாடத்தை ஓதிக் கொடுக்கும்பொழுது, அது பழங்கதை போன்று ஒலிப்பதில்லை.

ஸியர் என்பது போரிலும் அமைதியிலும் பிற சமூகத்தாருடன் நடந்துகொள்ள வேண்டிய முறைகளைக் கூறும் சட்டப் பிரிவு. ஹிஜ்ரி 189இல் (கி.பி. 805) மறைந்த இமாம் முஹம்மது ஷைபானீ அவர்கள் இதனைத் தனிக்கலையாகவே வகுத்தார்கள். அந்நூலுக்குப் பேருரை கண்ட ஸரக்ஸீ அவர்களோ சிறையிலிருந்தவாறே அவ்வுரையைத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் குரோஷியஸின் போர்ச் சட்ட நூல் வெளிவந்தது 1625இல்தான். போர் தொடுக்குமுன் பசுக்களும் பெண்டிரும் பிணியுடையோரும் விலகிச் செல்லுமாறு அறிவிக்கும் அறத்தைப் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டும் பேசுகின்றது. எனினும், ‘உலகிற்கு முன்னரே நாம் சொல்லிவிட்டோம்’ என்று மேடைதோறும் மார்தட்டுவதில் நமக்கு நாட்டமில்லை. சொன்னது மீறப்பட்டபொழுது என்ன செய்தார்கள் என்பதே நாம் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் பகுதி.

மக்கா வெற்றிக்குப் பின், ஹிஜ்ரி 8இல், காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் பனூ ஜதீமாக் கூட்டத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள். போரிடுவதற்காக அன்று, அழைப்பதற்காக. அம்மக்கள் தாம் இஸ்லாத்தை ஏற்றதை உரிய சொல்லால் சொல்லத் தெரியாமல் வேறொரு சொல்லால் சொன்னார்கள். அதனைப் பிறழ உணர்ந்த நிலையில் அவர்களுட் பலர் கொல்லப்பட்டனர். செய்தி எட்டியதும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இரு கைகளையும் உயர்த்தி, காலித் செய்ததற்குத் தமக்குப் பொறுப்பில்லை என்று இறைவனிடம் இருமுறை முறையிட்டார்கள். அத்துடன் நிற்கவில்லை. அலீ (ரலி) அவர்களிடம் பொருள் கொடுத்தனுப்பினார்கள். ஒவ்வோர் உயிருக்கும் தியத் என்னும் உயிரீட்டுத் தொகையும், அழிந்த உடைமைக்கெல்லாம் ஈடும் வழங்கப்பட்டன. நாய் நீர் குடிக்கும் கலத்திற்கும் விலை தரப்பட்டதாக வரலாற்றாசிரியர் குறிக்கின்றனர். மீந்த பொருளையும் அலீ அவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. எவரும் அறியாமற் போன இழப்புக்கென்று அவர்களிடமே விட்டு வந்தார்கள்.

காலித் அவர்கள் ஏன் தண்டிக்கப்படவில்லை என்று கேட்பவர் உண்டு. ஆராய்ந்து முடிவு செய்ததில் நேர்ந்த பிழை என்பது அறிஞர்களின் விளக்கம். ஆனால் நமது படைத்தளபதி செய்தார் என்பதற்காக அது மறைக்கப்படவுமில்லை, நியாயப்படுத்தப்படவுமில்லை.

இப்பாடத்தை முடித்த அன்று, தாய்வழி உறவினர் புத்தளத்தில் வாழும் மாணவரொருவர் எழுந்து, “காத்தான்குடிக்குரிய தியத்தை யார் கொடுப்பார், ஹஸ்ரத்?” என்று வினவினார்.

1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவு, காத்தான்குடியின் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றோர் சுடப்பட்டனர். சிறுவர் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விடுதலைப் புலிகளே செய்தனர் என்பது உயிர் தப்பியோர் கூற்று, அவ்வியக்கம் மறுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை அவ்வியக்கம் வெளியேற்றிற்று. யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த கெடு இரண்டு மணி நேரம். புத்தளம் அவர்களுக்கு அகதி ஊராயிற்று.

இன்றைய உலகச் சட்டம் மாணவருக்கு என்ன விடை தரும்? பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2002 ஜூலை 1க்கு முந்திய குற்றத்தைத் தொடாது. இலங்கையோ இந்தியாவோ அதில் உறுப்பினரும் அல்ல. இலங்கை குறித்து ஐ.நா. மனித உரிமை அலுவலகம் நடத்தி 2015இல் வெளியிட்ட பெரும் விசாரணையும் 2002 பிப்ரவரியிலிருந்துதான் தொடங்கிற்று. 2009இல் முள்ளிவாய்க்காலில் மாண்ட பல்லாயிரம் தமிழ் மக்களுக்காக அவ்விசாரணை வேண்டப்பட்டது முற்றிலும் நியாயமே. ஆயினும் 1990 வேலிக்கு வெளியே நின்றுவிட்டது.

இங்கே நம் பக்கத்து ஊரை நினையாதிருக்க முடியவில்லை. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கிற்காகப் பூவிருந்தவல்லியில் தனி நீதிமன்றம் இயங்கியது. 1998 ஜனவரி 28இல் அது 26 பேருக்கு மரணதண்டனை விதித்தது. மறு ஆண்டு உச்சநீதிமன்றம் நால்வருக்கு மட்டுமே அதனை உறுதி செய்தது. குற்றம் சாட்டப்பட்டது அதே இயக்கம்தான். முன்னாள் பிரதமருக்கு நீதிமன்றம் அமைந்தது. தொழுகை வரிசையில் வீழ்ந்தவர்க்கு அமையவில்லை.

கிழக்கில் அந்நாளில் புலிகளின் தளபதியாயிருந்த கருணா, காத்தான்குடியில் தமக்குத் தொடர்பில்லை என்பவர். 2004இல் பிரிந்து வந்த அவர் 2009இல் அமைச்சரானார். இடையே இலண்டனில் பிடிபட்டு, 2008இல் ஒன்பது மாதச் சிறை பெற்றார். குற்றம் பொய்க் கடவுச்சீட்டு! 2025 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசு அவருக்கும் இலங்கையின் முன்னாள் படைத்தலைவர் மூவருக்கும் பயணத்தடையும் சொத்து முடக்கமும் விதித்தது. அது வழக்குமன்று, தீர்ப்புமன்று.

மாணவரிடம் மற்றொன்றையும் மறைக்காது கூறினோம். அதே ஆகஸ்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். முஸ்லிம் ஊர்க்காவலர் மீதும் அதில் குற்றம் சாட்டப்பட்டது. காத்தான்குடிக்குத் தியத் கேட்பவர், பனூ ஜதீமாவைப் படித்தவராயின், வீரமுனைக் கணக்கையும் அதே ஏட்டில் எழுத வேண்டும். மாணவர் முகம் சற்று வாடிற்று, மறுத்துப் பேசவில்லை.

தண்டனையா, ஈடா, உண்மையை ஒப்புக்கொள்வதா, எது முதலில் என்று சட்ட அறிஞர் வாதிடுகின்றனர். வடபுலத்து வெளியேற்றம் பற்றி 2002இல் புலிகளின் தரப்பில் வருத்தம் கூறப்பட்டது. இழந்த வீடும் நிலமும் வருத்தத்தால் திரும்பவில்லை. தண்டனை தரும் வாய்ப்பு ஆண்டுக்காண்டு குறைகின்றது, சாட்சிகள் முதுமையுற்று வருவதால். 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை 46/1 தீர்மானத்தால் சான்று திரட்டிக் காக்கும் பணியை ஜெனீவாவில் ஏற்படுத்திற்று. அதன் வாசகத்தில் 2002 என்னும் வேலி காணப்படவில்லை. காத்தான்குடிப் பள்ளிச் சுவரில் துப்பாக்கிக் குண்டின் துளைகளை அவ்வூரார் பூசி மறைக்காமல் வைத்திருக்கின்றனர். புத்தளத்து உறவினரிடம் 1990இல் விட்டு வந்தவற்றைக் கேட்டு, வீடு, கிணறு, தென்னை என ஒவ்வொன்றாக எழுதி வருமாறு அம்மாணவரைப் பணித்தோம். ஷஃபான் விடுமுறைக்குச் செல்லும்பொழுது இரு குயர் நோட்டு ஒன்றை வாங்கிச் சென்றிருக்கிறார்.