கண்ணுக்குப் புலப்படாத பதிவேடு

ஆசிரியராகிய எமக்குப் பதிவேடு புதிய பொருளன்று. காலையில் பெயர் கூப்பிடுதலும், வந்தோர்க்கும் வராதோர்க்கும் குறியிடுதலும் எமது தொழிலின் முதற் கடமை. மாணவர் அதனை அறிவர்; எழுந்து நின்று விடை சொல்வர். ஆயின் அவர்கள் அறியாவண்ணம் பிறிதொரு பதிவேட்டையும் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நாம் வைத்திருந்தோம். அதனைப் பற்றி எழுதுவதற்கு எமக்கு நாணமாகவே இருக்கின்றது. ஆயினும் எம்மைப் போன்று வகுப்பறைக்குள் நல்லெண்ணத்தோடு புதுக் கருவிகளைக் கொண்டு செல்லும் ஆசிரிய நண்பர்கள் பலர் இருப்பதனால் எழுதத் துணிந்தோம்.

2022ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். அந்நியச் செலாவணி இல்லாமையால் காகிதம் இறக்குமதியாகவில்லை. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைக்க நேர்ந்தது. ஹற்றனுக்கு அப்பாலுள்ள எமது தோட்டப் பாடசாலையில், தரம் 11இல் எம்மிடம் தமிழ் கற்ற 34 பிள்ளைகளுக்கும் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுப்பது எமது சம்பளத்துக்கு எட்டாத காரியமாயிற்று. எனவே குறிப்புகளைத் தட்டச்சுச் செய்து, கோப்புகளைப் பகிர்வதற்கென இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு பக்கத்தில் ஏற்றி வைத்தோம். பெற்றோரின் கைத்தொலைபேசிகளுக்கு அதன் இணைப்பை அனுப்பினோம். இம்மட்டில் குற்றமொன்றும் இல்லை.

அனுப்பியவற்றைப் பிள்ளைகள் திறந்து பார்க்கிறார்களா என்று அறியும் ஆசை அதன் பின்னரே எம்மைப் பற்றிக்கொண்டது. எம்மிடம் முன்னர் கற்று, கொழும்பில் விளம்பரத் தொழில் புரியும் இளைஞர் ஒருவரிடம் இதனைக் கூறினோம். "அது சின்ன வேலை சேர். பக்கத்துக்குள்ள ஒரு பிக்சல போட்டுட்டா யார் வந்தாங்க, எப்ப வந்தாங்க எல்லாம் தெரியும்" என்றார் அவர். அவருடைய தொழிலில் அது அன்றாடக் காரியம்.

அந்தப் பிக்சல் எனப்படுவது யாது? அகலத்தில் ஒரு புள்ளியும் உயரத்தில் ஒரு புள்ளியுமாக அமைந்த, நிறமே இல்லாத ஒரு படம். 43 பைற்றுகளில் அதனை எழுதி முடித்துவிடலாம். இந்த வாக்கியத்தை எழுத அதனினும் கூடுதலான இடம் வேண்டும். அப்படத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் உலாவியானது பக்கத்தைக் காட்டும்போது, அதிலுள்ள படங்கள் எங்கெங்கு வைக்கப்பட்டுள்ளனவோ அங்கங்கு உள்ள சேவையகங்களிடம் கேட்டுப் பெறுகின்றது. கேட்கும்போதே கேட்பவரின் இணைய முகவரி எண், நேரம், கருவியின் வகை, பெரும்பாலும் எந்தப் பக்கத்திலிருந்து கேட்கப்படுகின்றது என்பது ஆகியவற்றையும் சொல்லிவிடுகின்றது. எனவே படத்தைக் கொடுப்பவருக்குப் படம் முக்கியமன்று, கேள்வியே முக்கியம். 34 பிள்ளைகளுக்கும் 34 தனித்தனிப் பக்கங்களை அமைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணைத் தாங்கிய புள்ளியை அவ்விளைஞர் பதித்துத் தந்தார். எண்ணுக்கு நேரே பெயரை எழுதிக்கொண்டது நாம்.

முதல் வாரத்து மகிழ்ச்சியை ஒளிப்பதிற் பயனில்லை. இரவு உணவின் பின் அட்டவணையைத் திறந்து, இன்னார் 7.40க்கு வந்தார், இன்னார் இன்னும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பதில் ஓர் இன்பம் இருந்தது. பிள்ளைகள் அனைவரும் கொழும்பிலே இருப்பதாக அவ்வட்டவணை கூறிற்று. தொலைபேசிக் கம்பெனியின் முகவரி எண்ணை வைத்து இடத்தை ஊகிப்பதால் வரும் பிழை அது. எமது பிள்ளைகளோ சமிக்ஞை கிடைக்கும் மேட்டைத் தேடித் தேயிலை மலையில் ஏறி நின்றனர். நாம் சிரித்தோம். இடத்தை இவ்வளவு பிழையாகச் சொல்லும் பதிவேடு ஆளையும் பிழையாகச் சொல்லலாமே என்று எண்ணத் தோன்றவில்லை.

மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், ஒரு முறையேனும் பக்கத்தைத் திறவாத பதினொருவரின் எண்களைக் குறித்துக்கொண்டு வகுப்புக்குச் சென்றோம். அவர்களுள் ஒரு மாணவியை எழுப்பி, "அனுப்பியதில் ஒன்றையாவது பார்த்தாயா, பிள்ளை?" என்று கேட்டோம். "படிச்சேன் சேர்" என்றாள். அவள் பொய் சொல்வதாக எமக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சான்றுதான் எம் கையில் இருந்ததே! பொய் கூறுதல் கல்லாமையினும் கொடிது என்று ஒரு சிறு பிரசங்கமும் செய்தோம். அவள் தலையைக் குனிந்தபடி நின்றாள். அடுத்த இரண்டு நாட்களும் பாடசாலைக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் மாலை அவளுடைய லயத்துக்குச் சென்றோம். தாய் மலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். "இவ படிக்கலன்னு சொன்னீங்களாமே சேர்? கரண்டு இல்லாத நாள்லயும் மெழுகுவத்தி வச்சு எழுதினாளே!" என்று கூறி, ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து எம்மிடம் தந்தார். நாம் ஏற்றிய குறிப்புகள் அனைத்தும், ஒன்றுகூட விடாமல், அதிலே எழுதப்பட்டிருந்தன. அவ்வீட்டிலிருந்த ஒரே தொலைபேசி பழுதாகி மாதங்கள் கடந்துவிட்டன. அடுத்த காம்பராவிலுள்ள தோழியின் தொலைபேசியைப் பார்த்து அவள் எழுதியிருக்கின்றாள். எமது அட்டவணையில் இருவரும் ஒருவராயினர். அந்த ஒருவரும் தோழியே. எழுத்தெண்ணிப் படித்தவள் வராதவளாயினாள். யாப்பு பற்றிய குறிப்பொன்றில் நாம் விட்டிருந்த ஒரு தட்டச்சுப் பிழையையும் அவள் திருத்தியிருந்தாள்.

புறப்படும்போது அவள் ஒன்று சொன்னாள். "கொழுந்து கொறஞ்சா அம்மாவுக்கு அரப்பேராவது போடுவாங்க சேர். எனக்கு ஒண்ணுமே போடலியே."

தோட்டத்து வழக்கை அறியாத வாசகருக்காக இதனை விளக்க வேண்டும். கொழுந்தின் நிறை குறித்த அளவுக்குக் குறைந்தால் அந்நாளுக்கு முழுப்பெயர் விழாது. பாதிச் சம்பளத்துக்குரிய அரைப்பெயரே செக்றோலில் விழும். மழை பெய்ததா, மலை காய்ந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சலா என்பதைத் தராசு கேட்பதில்லை. நாமும் லயத்திலே பிறந்தவர். எமது அன்னையும் அத்தராசின் முன் கூடையோடு நின்றவர். பேராதனையில் நான்கு ஆண்டுகள் கற்று வந்து நாம் செய்த காரியம், எம் கையாலேயே ஒரு செக்றோலை எழுதியதுதான்.

எதிர்ப்புறத்திலும் பிழை இருந்தது. ஒரே இரவில் ஒன்பது முறை வந்ததாகப் பதிவாகி, நாம் வகுப்பிலே பாராட்டிய மாணவன் ஒருவன் இருந்தான். அவனை விசாரித்தபோது, கோப்பு பாதியில் அறுந்து அறுந்து போனதால் ஒன்பது முறை முயன்றதாகவும், கடைசிவரை அது இறங்கவில்லை என்றும், டேட்டா தீர்ந்துவிட்டது என்றும் சொன்னான். அவனுடைய வறுமைக்கு நாம் விடாமுயற்சி என்று பெயரிட்டிருந்தோம்.

அன்றிரவு அப்பக்கத்தை உலாவியின் ஆய்வுக் கருவியைக் கொண்டு முதன்முறையாகத் திறந்து பார்த்தோம். எமது புள்ளி அங்கே தனித்திருக்கவில்லை. நாம் பெயரறியாத விளம்பர நிறுவனங்களின் வேறு ஏழு புள்ளிகளும் நிரல்களும் அங்கே வேலை செய்துகொண்டிருந்தன. எம்முடையது வந்தவர்களின் கணக்கை மட்டுமே எழுதிற்று. அவற்றிற் சில குக்கி எனப்படும் அடையாளச் சீட்டையும் பிள்ளைகளின் கருவிகளில் ஒட்டிவிட்டன. அவ்வாறு ஒட்டப்பட்டது, பின்னர் வேறொரு பக்கத்தில் அதே நிறுவனத்தின் புள்ளியைக் காணுமிடத்து, அங்கும் தன்னை அறிவிக்கும். குக்கியை 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்ருல்லி அமைத்தபோது, இணையக் கடைக்கு வருபவர் கூடையில் இட்டதை நினைவில் வைப்பது போன்ற சிறு தேவைகளே முன்னின்றன. கூடையை நினைவில் வைக்க வந்தது ஆளை நினைவில் வைக்கப் பழகிக்கொண்டது.

இலவசம் என்று நாம் நம்பிய பக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் எமது பிள்ளைகளே. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது அது தோட்டப் பிள்ளைகளை எட்டவில்லை. எழுபதுகளிலேதான் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. அத்துணைக் காலம் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளை வேறுவகை இலவசம் ஒன்றிடம் நாம் கைபிடித்து அழைத்துச் சென்றிருந்தோம்.

இது வறிய நாட்டவர்க்கு மட்டும் நேர்வதன்று. 2022 ஏப்ரலில், ஐக்கிய அமெரிக்காவில் உயர்கல்விக்கு அரச உதவி கோரி மாணவர் விண்ணப்பிக்கும் அரசாங்கத் தளத்திலேயே மெற்றா நிறுவனத்தின் பிக்சல் இருந்ததையும், விண்ணப்பித்தோரின் பெயர், மின்னஞ்சல் முதலியன பேஸ்புக்குக்குச் சென்றதையும் 'த மார்க்அப்' என்ற செய்தித்தளம் வெளிப்படுத்திற்று. உதவி வேண்டி வந்த மாணவரின் பெயர் விளம்பர வியாபாரியின் ஏட்டில் ஏறியிருந்தது. எமது நாட்டிலும் அதே ஆண்டில் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியுள்ளது. சிறுவர் பற்றிய தரவினை அது விசேட வகையாகக் கொள்கின்றது. எமது பாடசாலை ஓய்வறையில் அச்சட்டத்தைப் பற்றி எவரும் பேசக் கேட்டதில்லை. நாமும் பேசியதில்லை.

திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய ஒற்றாடலை நாம் பலமுறை கற்பித்திருக்கிறோம். அது பொருட்பாலில், அரசனுக்கு உரியதாக வைக்கப்பட்டது என்று கரும்பலகையில் எழுதியும் காட்டியிருக்கிறோம். எமது கொழும்பு மாணவரிடம் இதனைச் சொன்னபோது அவர் சிரித்து, "இப்ப எல்லாக் கடைக்காரனும் ராஜாதான் சேர்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். தம் சம்பளத்தில் எமது பாடசாலைக்குப் புத்தகங்கள் வாங்கி அனுப்புபவர். நாம் கேட்டவுடனே புள்ளிகளை நீக்கி அட்டவணையையும் அழித்துத் தந்தார். மற்ற எழுவர் கொண்டு சென்றதை எவரிடம் சென்று கேட்பது?

வகுப்பில் யாவற்றையும் சொன்னோம். அம்மாணவியிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டோம். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "அப்ப ராவுல நாங்க முழிச்சிருக்கிறதும் ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சா சேர்?" என்று கேட்டான். தெரிந்தது என்றோம். அவன் மேலும் ஏதும் கேளாமல் அமர்ந்துவிட்டான். சில கிழமைகள் வரை அவன் எம் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

இப்போது குறிப்புகளைச் சிறிய மெமரி கார்டு ஒன்றில் இட்டுக் கொடுக்கிறோம். அது ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்குக் கைமாறிச் செல்கின்றது. தொலைபேசி இல்லாதோர்க்காக அம்மாணவியின் கொப்பியிலிருந்து மூன்று பிரதிகள் எடுத்து, நூலக அலுமாரியில் வைத்துள்ளோம். எவர் எப்போது படித்தார் என்பது எமக்குத் தெரியாது. திங்கட்கிழமை முதற் பாடவேளையில் கேள்வி கேட்கிறோம்.